எச்சில் குழாய்

சிரிக்காத தம்பி. குழாயக் குடுன்னா குடு. காலைல மாவு மில்லுக்கு வந்து என்கிட்டயும் என் பொண்ணுகிட்டயும் எச்சி துப்பச் சொல்லி வாங்கிட்டு வந்தியே, அதுல என்னோடது எனக்கு வேணும்.

கையெழுத்து போட்டேன்தான். நீ நீட்டின எடத்துல போட்டேன். மில்லு ஓடுற சத்தத்துல நீ சொன்னதுல பாதி என் காதுல விழவே இல்ல. அந்த ஐஸ் பெட்டிய ஏன் கட்டிலுக்கு அடியில தள்ளுற? எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது. மூணு மாடி ஏறி உன் லாட்ஜ் ரூமுக்கு வந்திருக்கேன், சும்மா போவேனா?

என்ன பெரிய ஆராய்ச்சி! தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் நாங்க, மேட்டுக்காரங்க. அந்தப் பக்கம் கரைக்காரங்க. ரெண்டு இனமும் எவ்வளவு கலந்திருக்குன்னு பாக்கப் போறியாக்கும். என்னைக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன். கல்யாணமாகி வந்த நாள்லேந்து ரெண்டு பக்கத்து மூட்டையையும் ஒரே கல்லுலதான் அரைக்கிறேன். எவ்வளவு தொடச்சாலும் முன்னாடி அரைச்சவங்க மாவு கொஞ்சம் அடுத்தவங்க பையில விழத்தான் செய்யும். எங்காளுங்க காலங்காத்தால வந்து, அவங்களுக்கு முன்னாடி எங்களுக்கு அரைன்னு முறைப்பாங்க. நேத்து கடைசியா அரைச்சது யாருக்குன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. நானும் வாயத் தொறக்க மாட்டேன். பொழப்பு நடக்கணும்ல.

என் பொண்ணு இருக்காளே, அவ எல்லாரையும் மிஞ்சிட்டா. மேட்டுக்காரங்க சங்கத்துல அவ வச்சதுதான் சட்டம். கரைக்காரன் சைக்கிள் வாசல்ல நின்னாலே ஷட்டர இழுத்து விட்டுடுவா. உன்னை மில்லுக்குக் கூட்டிட்டு வந்ததே அவதானே? நம்ம ரத்தம் வேற, அவங்க ரத்தம் வேறன்னு காகிதத்துல வரட்டும்மா, ஃபிரேம் போட்டு மாட்டுறேன்னா.

என்ன சொன்ன? வித்தியாசம் பெரிசா ஒண்ணும் வராதா? ஒரே ஒரு ஆளோட எச்சிய வச்சு இவ மேடா கரையான்னு உன் மெஷினால சொல்லவே முடியாதா? இன்னொரு தடவ சொல்லு. நிச்சயமாவா? உங்கம்மா மேல ஆணையா?

சரி, அது போகட்டும். ஆனா தாயையும் பிள்ளையையும் கண்டுபிடிச்சிடும்ல? அவ காலைல கேட்டப்போ நீதானே பல்லக் காட்டிட்டு சொன்ன, அம்மா பொண்ணுன்னா பட்டுனு தெரிஞ்சிடும், வீட்டுக்கே ரிசல்ட் அனுப்புறேன்னு. அது ஒண்ணுதான் என் காதுல ஒழுங்கா விழுந்துச்சு. அதுலேந்து எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல.

ஏன் முழிக்கிற? கதவ சாத்து. அவ கீழ வண்டியோட நிக்கிறா.

ரெண்டு பக்கமும் வெட்டிக்கிட்ட அந்தக் கலவரத்தன்னைக்கு ஒரு கரைக்காரி மில்லுக்குள்ள ஓடி வந்து மூட்டைங்களுக்குப் பின்னாடி ஒளிஞ்சா. புருஷனத் தேடிட்டு வந்துடுறேன்க்கா, இவளக் கொஞ்சம் பாத்துக்கோங்கன்னு கைக்கொழந்தைய என் மடியில போட்டுட்டுப் போனா. வரல. வந்திருந்தா திருப்பிக் குடுத்திருப்பியான்னு மட்டும் கேக்காத, அறைஞ்சிடுவேன்.

குடு இப்படி. என்னோடது மட்டும் போதும். அவ எச்சிய நீயே வச்சுக்கோ. சுத்தமான மேட்டுக்காரி எச்சின்னே எழுதிக்கோ.