உப்புக்காற்றின் மேல் போட்ட பழி

கம்ப்யூட்டரில் ஹார்ட் டிஸ்க் காட்டவில்லை என்றால் முதலில் பதறக் கூடாது, சார். பாதி நேரம் டிஸ்க்குக்கு ஒன்றுமே ஆகியிருக்காது. கேபிள் தளர்ந்திருக்கும். இல்லாவிட்டால் முனையில் பச்சைக் களிம்பு பூத்துப்போயிருக்கும். கழற்றி, ரப்பரால் தேய்த்து, வேறு கேபிளில் மாட்டிப் பார்க்க வேண்டும். அப்போதும் காட்டவில்லை என்றால் காதருகில் வைத்து, உள்ளே சுற்றுகிற சத்தம் வருகிறதா என்று கேட்க வேண்டும். உங்கள் ஸ்டேஷன் ரைட்டர் மேசைக்கு அடியில் இருக்கும் பெட்டியில் ஒரு தட்டல் சத்தம் வருகிறது. உள்ளே வந்ததிலிருந்து அது என்னைத் தொந்தரவு செய்துகொண்டே இருக்கிறது. அதில் இருப்பதை இன்றைக்கே இன்னொரு இடத்தில் நகல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அது அதிக நாள் தாங்காது.

நெல்சன் வீட்டு கம்ப்யூட்டரில் ஏன் டிஸ்க் காட்டவில்லை என்று கேட்டீர்கள். சொல்கிறேன். அவனைக் கடைசியாக யார் கூட்டிக்கொண்டு போனார்கள் என்பது அந்த டிஸ்க்கில்தான் இருக்கிறது என்று அவன் மனைவி ஷிஜி உங்களிடம் சொல்லியிருக்கிறாள். அவள் சொன்னது சரிதான். ஆனால் நடுவிலிருந்து ஆரம்பித்தால் என்னை யாரோ ஒரு கெட்டவன் என்று நினைத்துவிடுவீர்கள். அதனால் முதலிலிருந்து வருகிறேன்.

என் பெயர் பிராங்கிளின். டோல்கேட்டைத் தாண்டி, நெடுஞ்சாலை மேலேயே என் கடை. வாசலில் கண்டெய்னர் லாரி நகரும்போதெல்லாம் அலமாரியில் இருக்கும் ஸ்க்ரூ டிரைவர்கள் தாமாக நடந்து ஓரத்துக்கு வந்துவிடும். கிழக்கே உப்புக்காற்று, மேற்கே மணலி ஆலைகளின் புகைக்காற்று. இந்த இரண்டுக்கும் நடுவில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் தைரியசாலிகள். இந்த ஆட்டத்தில் கேபிள் கழன்றுவிடும் என்பதால், வேலை முடிந்ததும் டிஸ்க்கோடு சேர்த்துக் கேபிளை நைலான் வலைநூலால் கட்டி ஒரு முடிச்சு போட்டுவிடுவேன். என் அப்பா காசிமேட்டில் வலை பின்னியவர். அந்த முடிச்சு இறுகினால் இறுகினதுதான், கத்தி வைத்துத்தான் அறுக்க வேண்டும். இந்த வட்டாரத்தில் எந்தப் பெட்டியைத் திறந்தாலும் நீல நூல் இருந்தால் அது என் கை பட்டது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

இங்கே யாரும் எதற்கும் நகல் எடுத்து வைப்பதில்லை. கல்யாண வீடியோ, பிள்ளைகள் முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மைப் போட்டோ, செத்துப்போனவர்களின் குரல் எல்லாம் ஒரே டிஸ்க்கில். சொல்லிச் சொல்லி அலுத்துப்போனேன். அதனால் நானே எடுத்து வைக்க ஆரம்பித்தேன். பழுது பார்க்க வருகிற ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் ஒரு நகல். வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து வீட்டுக்குள் வந்த வருஷம், எர்ணாவூர் பக்கம் லூர்து என்பவரின் கம்ப்யூட்டர் கறுப்புச் சேற்றில் ஊறிக் கிடந்தது. அவருடைய மகளின் கல்யாணப் படங்களை முழுசாகத் திருப்பிக் கொடுத்தேன். மனுஷன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். செத்த டிஸ்க்கிலிருந்து எடுத்தேன் என்று நினைத்துக்கொண்டார். நானும் இல்லை என்று சொல்லவில்லை.

நகல் என்றால் அவ்வப்போது திறந்து பார்க்க வேண்டும், சார். சும்மா வைத்திருந்தால் கெட்டுவிடும். மதியம் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுச் சாப்பிடும்போது பார்ப்பேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒருநாள் ஒரு வீட்டில் கிறிஸ்துமஸ், இன்னொரு நாள் இன்னொரு வீட்டில் பொங்கல். யார் வீட்டுப் பிள்ளை எந்த வயதில் நடந்தது, யார் புருஷனிடம் சொல்லாமல் எதற்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள், யாருக்கு ஸ்கேனில் என்ன வந்தது, எல்லாம் எனக்குத் தெரியும். யாரிடமும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்த விஷயத்தில் என்னை நம்பலாம்.

நெல்சன் குடும்பத்தை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அவன் விம்கோ நகரில் குடியிருந்தான், கண்டெய்னர் யார்டில் வேலை. ஷிஜி நாகர்கோவில் பக்கத்துப் பெண். ஷாலு என்று ஒரே மகள். ஷாலுவின் பிறந்தநாளில் ஷிஜி கேக்கை வெட்டாமல் கத்தியை வைத்துக்கொண்டு பாடுவாள். நடுவில் வரி மறந்துவிட்டு, கேமராவைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொள்வாள். அந்த இடம் எப்போது வரும் என்று எனக்கு மனப்பாடம். சாப்பாட்டில் கடைசிக் கவளத்தை அதற்காக நிறுத்தி வைப்பேன்.

அப்படி ஒரு மதியம்தான் நெல்சன் பாதி ஷட்டருக்குக் கீழே குனிந்து உள்ளே வந்துவிட்டான். சார்ஜர் கேட்டு வந்தவன். திரையில் அவன் மனைவி பாடிக்கொண்டிருந்தாள்.

"இன்னா பிராங்கு, எங்க வூட்டு வீடியோ உங்கிட்ட இன்னாத்துக்குக் கீது?" என்றான்.

கத்தியிருந்தால்கூடப் பதில் சொல்லியிருப்பேன். அவன் மெதுவாகத்தான் கேட்டான். நகலைப் பற்றி, உப்புக்காற்றைப் பற்றி, லூர்து அழுததைப் பற்றியெல்லாம் விளக்கினேன். அவன் என் பேச்சைக் கேட்கவில்லை. திரையில் வரிசையாக இருந்த மற்ற வீடுகளின் பெயர்களைப் படித்துக்கொண்டிருந்தான். எனக்கு அது பிடிக்கவில்லை. அடுத்தவர் வீட்டுச் சமாச்சாரத்தை அப்படி உற்றுப் பார்ப்பது நல்ல பழக்கமில்லை. போகும்போது, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலில் எல்லாரிடமும் சொல்லப்போவதாகச் சொன்னான்.

போன் போட்டுச் சமாதானம் பேசினேன். எல்லா நகல்களும் இருக்கும் டிஸ்க்கைக் கொண்டுவந்து அவன் கையிலேயே கொடுத்துவிடுகிறேன், அவன் கண்ணெதிரே அழித்துவிடலாம், எதற்கு ஊரைக் கூட்ட வேண்டும் என்றேன். ஷிஜியிடம் அவன் இன்னும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. தன் வீட்டுப் பெண்ணை இன்னொருத்தன் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான் என்பதை எந்த வாயால் சொல்வது என்று என்னிடமே கேட்டான். அவன் தயங்கினது எனக்கு வசதியாகப் போயிற்று, ஒப்புக்கொள்கிறேன்.

சனிக்கிழமை மாலை பைக்கில் அவன் வீட்டுக்குப் போனேன். ஷிஜியும் ஷாலுவும் ஜெபக் கூட்டத்துக்குப் போயிருந்தார்கள். இருவரும் எண்ணூர் சாலையில் போய், கடலரிப்புக்காகப் பாறாங்கல் கொட்டியிருக்கும் இடத்தில் இறங்கினோம். இடத்தைத் தேர்ந்தெடுத்தவன் அவன்தான். டிஸ்க்கைக் கல்லில் அடித்து நொறுக்கிக் கடலில் போட வேண்டும் என்றான். அன்றைக்குக் கடல் சரியில்லை. கல்லெல்லாம் பாசி. அவன் யார்டுக்காரன், மீன்பிடிக் குடும்பம் இல்லை, நீச்சல் தெரியாது. வழுக்கிவிட்டான். இப்படித்தான் நேற்று உங்களிடம் சொன்னேன்.

கடைக்குத் திரும்பி வரும்போதுதான் கேமரா ஞாபகம் வந்தது. பைக்கில் பெட்ரோல் திருடுகிறார்கள் என்று நெல்சன் வாசலில் ஒரு கேமரா மாட்டியிருந்தான். மாட்டிக் கொடுத்ததே நான்தான். அது படம் பிடிப்பதெல்லாம் அவன் வீட்டு கம்ப்யூட்டரில் போய் விழும். அவன் என் பைக்கில் ஏறியதும் விழுந்திருக்கும். அவனைத் தேடி எனக்குப் போன் செய்த ஷிஜியிடம், நான் அன்றைக்கு அவனைப் பார்க்கவே இல்லை என்று அதற்குள் சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலை வலைக்காரர்கள் உடலைக் கொண்டுவந்தார்கள். அடக்க வேலையில் என்னால் ஆனதைச் செய்தேன். ஃப்ரீசர் பெட்டிக்கு ஒயர் இழுத்தது நான். நாற்காலி சொன்னது நான். பூசைக்கும் கல்லறைக்கும் எல்லாரும் கிளம்பியபோது, வீட்டைக் காலியாக விட வேண்டாம், நாற்காலிக்காரன் வேறு வருவான், நான் இருந்து பார்த்துக்கொள்கிறேன் என்றேன். ஷிஜி திரும்பி என்னை ஒருமுறை பார்த்தாள். அப்போது அதை நன்றி என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

பையில் அதே கம்பெனியின் செத்த டிஸ்க் ஒன்று வைத்திருந்தேன். நல்லதை எடுத்துவிட்டுச் செத்ததை மாட்டினேன். டீ குடிக்கிற நேரத்து வேலை. எடுத்ததை உடைத்து எங்காவது போட்டிருந்தால் இன்றைக்கு உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்க மாட்டேன். எனக்கு மனசு வரவில்லை. ஷாலுவின் படமெல்லாம் அதில் இருந்தது. என் வாழ்நாளில் ஒரு டிஸ்க்கைக்கூட நான் அழித்ததில்லை, சார்.

சில நாள் கழித்து ஷிஜி அந்தப் பெட்டியை ஆட்டோவில் வைத்துக் கடைக்குக் கொண்டுவந்தாள். கேமராவில் என்ன பதிவாகியிருக்கிறது என்று பார்க்கப் போனாளாம், டிஸ்க்கே இல்லை என்று திரையில் வருகிறதாம். ஸ்டூலில் உட்கார்ந்தவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை, கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் முறைப்படி எல்லாம் செய்தேன். நூலை அறுத்தேன், முனையைத் தேய்த்தேன், வேறு கேபிள் போட்டேன், காதில் வைத்துக் கேட்டேன். உப்புக்காற்று தின்றுவிட்டது, இனி யாராலும் எடுக்க முடியாது என்றேன். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். ஆறுதலாகச் சொல்வதற்கு இரண்டு வார்த்தைகளும் தயாராக வைத்திருந்தேன்.

"அண்ணே, இத நீங்க கடைசியா எப்பம் தொறந்தீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

போன கிறிஸ்துமஸுக்கு முன்னால், தூசி தட்டும்போது என்றேன். தலையாட்டினாள். நான் கேபிளைப் பழையபடி கட்டி முடிச்சுப் போட்டேன். அவள் என் விரல்களையே பார்த்தாள். வெளியே ஆட்டோ கிளம்பி, விம்கோ நகர் போகிற பக்கம் போகாமல் எதிர்ப்பக்கம் திரும்பியது. பால் வாங்கப் போகிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அன்று மதியம் ஷட்டரை முழுசாக இறக்கிவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தேன்.

அவள் ஏன் அப்படிக் கேட்டாள் என்று எனக்கு நேற்று நீங்கள் சொல்லித்தான் தெரிந்தது. என் கடையிலிருந்து திரும்பிய அன்றே நெல்சன் தன் வீட்டுப் பெட்டியைத் திறந்து, என் நூலைக் கத்தியால் அறுத்துத் தரையில் போட்டானாம். இனிமேல் அவன் முடிச்சு நம் வீட்டில் எதிலும் இருக்கக் கூடாது என்றானாம். காரணம் சொல்லவில்லையாம். அந்த நீலத் துண்டுகளைப் பெருக்கி அள்ளினது அவள். புருஷனைப் புதைத்துவிட்டு வந்த பிறகு அதே பெட்டியைத் திறந்து பார்த்தால், புது நூலில் புது முடிச்சு.

"நெல்சன் அறுத்துப் போட்ட நூலு, அவரு செத்தப்புறம் தானா வந்து முடிச்சு போட்டுக்கிச்சாய்யா?" என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. அந்த வீட்டில் அன்றைக்கு நான் தனியாக இருந்தேன், அவசரத்தில் இருந்தேன், பிடிபட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தும் இருந்தேன். என் பழைய நூல் அங்கே இல்லை என்பதைக்கூட அந்த அவசரத்தில் யோசிக்கவில்லை. ஆனாலும் கேபிளைத் தளர்வாக விட்டுவிட்டு வர என் கை ஒத்துக்கொள்ளவில்லை. அது செத்த டிஸ்க்தான், ஆடினால் என்ன, ஆடாவிட்டால் என்ன. வேலை என்றால் ஒழுங்காக முடிக்க வேண்டும் என்று வளர்ந்தவன் நான்.

இனி மறைக்க ஒன்றுமில்லை. டிஸ்க்கை உப்புக்காற்று தின்றது என்று நான் சொன்னது எப்படியோ, நெல்சன் பாசியில் வழுக்கினான் என்று சொன்னதும் அப்படியே.

பாறை மேல் நின்று டிஸ்க்கை அவன் கையில் கொடுத்தேன். அதைத் தலைக்கு மேலே தூக்கினான். அதில் அவன் வீடு மட்டும் இல்லை, சார். லூர்து வீடு, பீம்ராவ் வீடு, செல்லக்கனி அக்கா வீடு, இத்தனை குடும்பங்கள் இருந்தன. தன் ஒருத்தனுடைய கோபத்துக்காக அத்தனை பேரையும் கடலில் எறியப் பார்த்தான். கொஞ்சம் பொறு என்று சொன்னேன். கேட்கவில்லை. ஒரு கையால் டிஸ்க்கைப் பிடித்தேன். இன்னொரு கையை அவன் நெஞ்சில் வைத்துத் தள்ளினேன். கல் இடுக்கில் ஒருமுறை மேலே வந்து என்னை நோக்கிக் கை நீட்டினான். பெயர் சொல்லியும் கூப்பிட்டான். அலை தெறித்துக்கொண்டிருந்தது. உப்புத் தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே போனால் போதும், எல்லாம் போய்விடும். டிஸ்க்கைச் சட்டைக்குள் வைத்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன். அதனால் எனக்குக் கை இல்லை.

ஷிஜி என்னைப் பற்றி என்ன நினைப்பாள் என்பதுதான் வருத்தமாக இருக்கிறது. அவள் டிஸ்க் பத்திரமாக இருக்கிறது. என் கடை அலமாரியில் கீழ்த் தட்டில், ஈரம் ஏறாமலிருக்க அரிசிக்குள் புதைத்து ஒரு டப்பாவில் வைத்திருக்கிறேன். நகல்கள் இருக்கும் பெரிய டிஸ்க்கும் பக்கத்திலேயே இருக்கிறது. எடுக்கப் போகிறவர்கள் ஈரக் கையால் தொட வேண்டாம்.

இன்னொன்று. அதையெல்லாம் ஸ்டேஷனில் போட்டு ஆளாளுக்கு உட்கார்ந்து பார்க்க விடாதீர்கள், சார். அது நாலு குடும்பத்துச் சமாச்சாரம். வெளியாள் பார்ப்பது சரியில்லை.