தட்டுப் படம்

நான் யாரிடமும் குரலை உயர்த்திப் பேசுகிறவன் இல்லை, மேடம். பக்கத்து வீட்டில் கேட்டுப் பாருங்கள். அவர்கள் வீட்டு நாய்கூட என்னைப் பார்த்துக் குரைக்காது.

கண்ணாடிப் பாட்டில் ஆலையில் பத்தொன்பது வருடமாகக் குறை பார்க்கும் வேலை. வெள்ளை விளக்குக்கு முன்னால் பாட்டில்கள் வரிசையாக நகரும். விரிசலோ குமிழியோ இருந்தால் எடுத்துவிடுவேன். குறை தொடர்ந்து வந்தால் அதற்கு ஒரு முறை உண்டு. உள்ளே போகும் சரக்கை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்ப்போம். எதை நிறுத்தியதும் குறை நிற்கிறதோ, அதுதான் காரணம். இதில் கோபதாபத்துக்கு இடமே இல்லை.

என் மகளுக்கு ஒன்பது வயது. ஆட்டிசம். பேச்சு வரவில்லை. மூன்று பள்ளிக்கூடம் மாற்றினோம். முதல் பள்ளியில் கத்துகிறாள் என்றார்கள், இரண்டாவதில் கடிக்கிறாள் என்றார்கள், மூன்றாவதில் கதவோரம் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். பேச்சுப் பயிற்சி, கைப் பயிற்சி, ஊஞ்சல் பயிற்சி என்று அலைந்ததில் என் செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம்.

பேச்சுப் பயிற்சி டீச்சர் ஒரு பலகை கொடுத்தார். அதில் பன்னிரண்டு பட அட்டைகள் ஒட்டியிருக்கும். என்ன வேண்டுமோ அந்தப் படத்தைப் பிய்த்து நம் கையில் கொடுக்க வேண்டும். பதினோரு மாதம் கழித்து ஒரு நாள், அவள் தட்டுப் படத்தைப் பிய்த்து என் உள்ளங்கையில் வைத்தாள். பசி என்று அர்த்தம். அன்றைக்கு நான் வாய்விட்டு அழுதேன். அதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

சில சாப்பாட்டை நிறுத்தினால் குணமாகும் என்று பயிற்சி நிலையத்து வராந்தாவில் இன்னொரு குழந்தையின் அப்பா சொன்னார். டாக்டரிடம் கேட்டேன்.

"அதுக்கு ஆதாரம் இல்லைங்க. அவ சாப்பிடறதே நாலஞ்சு ஐட்டம். அதுலயும் கை வைக்காதீங்க" என்றார்.

டாக்டருக்கு எங்கள் ஆலையின் முறை தெரியாது.

மனைவியின் அக்காவுக்கு ஆபரேஷன். மனைவி ஆறு வாரம் அங்கே உதவிக்குப் போனாள். அவள் இருந்தால் ஒளித்து ஊட்டிவிடுவாள், சோதனையே கெட்டுவிடும். அதனால் அப்போது ஆரம்பித்தேன். பால், பிறகு கோதுமை, சர்க்கரை, முட்டை, வாழைப்பழம். ஒவ்வொன்றுக்கும் மூன்று நாள். கத்தல் நிற்கவில்லை. அதனால் அடுத்ததையும் நிறுத்தினேன். கடைசியில் வேகவைத்த பூசணிக்காய்தான் மிஞ்சியது. அது அவளுக்குப் பிடிக்காது.

"பாப்பா சாப்பிட்டாளா?" என்று மனைவி தினமும் போனில் கேட்பாள்.

"ம், ஆச்சு" என்பேன். தட்டில் வைத்தது ஆச்சுதானே.

அட்டை விஷயத்துக்கு வருகிறேன். ஒரு நாளைக்கு நாற்பது தடவை அந்தத் தட்டுப் படத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வது இந்தக் குழந்தைகளின் வழக்கம் என்று டீச்சரே சொல்லியிருக்கிறார். வழக்கத்துக்கு இடம் கொடுக்கக் கூடாது. பதினாறாம் நாள் அதைப் பலகையிலிருந்து எடுத்து என் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

அவள் காலியான இடத்தைக் கொஞ்ச நேரம் விரலால் தேய்த்தாள். பிறகு மற்ற அட்டைகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தாள். பேருந்து, சோப்பு, குடை, பந்து. பதினொன்றும் என் மடியில் இருந்தன. அதோடு நிறுத்திக்கொண்டாள். கத்தலும் நின்றது. தினக்குறிப்பில் "அடம் இல்லை" என்று எழுதினேன்.

"இப்பல்லாம் எவ்வளவு சமத்தா உக்கார்றா தெரியுமா சார்" என்றார் பள்ளிக்கூட டீச்சர். எத்தனை வருடம் காத்திருந்த வார்த்தை அது. நெஞ்சு நிறைந்துவிட்டது.

இருபத்தாறாம் நாள் காலை பள்ளிக்கூடத்துக்கு எழுப்பினேன். அவள் எழுந்திருக்கவில்லை. உடம்பு சில்லென்று இருந்தது.

ஆஸ்பத்திரியில் மனைவி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "பசிக்குதுன்னு அவ உங்ககிட்ட காட்டவே இல்லையா?" என்று கேட்டாள். காட்டவில்லை என்றேன்.

அது பொய் இல்லை, மேடம். கடைசிப் பத்து நாளும் அவள் அந்த அட்டையை ஒரு தடவைகூட என் கையில் தரவில்லை. தந்திருந்தால் நான் கொடுக்காமலா இருந்திருப்பேன்? பெற்ற அப்பன் ஆயிற்றே.