சத்து ஊசி

தனியாகச் சாப்பிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அப்பாவும் அம்மாவும் போன பிறகு என் தம்பி தம்பிதுரையை நான்தான் வளர்த்தேன். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கணபதி ஏரியாவில் கீழே என் மருந்துக்கடை, மேலே வீடு. அவனுக்கு லேத் பட்டறை வைத்துக் கொடுத்தேன். பிரத்யுஷாவைப் பார்த்துக் கட்டிவைத்ததும் நான்தான். நல்ல பெண்.

ஒருநாள் சமையலறையில் அவள் அவனிடம் பேசுவது கேட்டது. "கொழந்த பொறந்துட்டா சூலூருக்கே போயிரலாமுங்க. எங்கம்மா ஒத்தாசையா இருப்பாங்க."

"செரி அம்மணி" என்றான். யோசிக்கக்கூட இல்லை.

அந்த வாரம் உடம்பு அசதி என்று என்னிடம் வந்தான். சத்து ஊசி என்று சொல்லிப் போட்டுவிட்டேன். பிறகு ஞாயிறுதோறும் போட்டேன். தோள் முறுக்கேறியதில் அவனுக்கும் சந்தோஷம்தான்.

ஒரு வருடமாகியும் குழந்தை உண்டாகவில்லை என்றதும் அவளைத்தான் முதலில் சோதித்தார்கள். வயிற்றில் துளை போட்டுக்கூடப் பார்த்தார்கள். ஆஸ்பத்திரிக்கு இளநீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். சொந்தபந்தம் பேசிய பேச்சில் அவள் தாய்வீடு போய்விட்டாள். வீடு பழையபடி ஆனது. நானும் அவனும்.

அவன்தான் விடவில்லை, தன்னையும் சோதிக்க வேண்டும் என்றான். ஆர்.எஸ்.புரத்தில் ஒரு டாக்டரிடம் துணைக்குப் போனேன். விந்தில் அணுக்களே இல்லை என்றார்.

"சின்ன வயசுல பொன்னுக்கு வீங்கி வந்துச்சா? அனல்ல நின்னு வேலையா? ஏதாச்சும் ஊசி போடறீங்களா?"

"அண்ணன் போடற சத்து ஊசி மட்டுந்தானுங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். இரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். முடிவு வந்த அன்று, வெளியிலிருந்து ஆண் ஹார்மோன் ஏற்றினால், விந்தணு உண்டாக்கச் சொல்லி மூளை விதைக்குக் கட்டளை இடுவதை நிறுத்திவிடும் என்று அவனுக்கு விளக்கினார். எனக்கு அது முன்பே தெரியும். மருந்து விற்பவன் நான்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டான். "அந்த ஊசில என்னங்ணா இருந்துச்சு?"

சொன்னேன். அவனிடம் எதையும் மறைத்துப் பழக்கமில்லை.

அடிப்பான் என்று நினைத்தேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதான். "அவள எல்லாரும் மலடின்னு சொன்னப்பவும் பேசாம இருந்தீங்களேண்ணா." பிறகு எழுந்து உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தான்.

எழுதிக்கொள்ளுங்கள் சார். தெரிந்தேதான் போட்டேன். நிறுத்தினால் ஒன்றிரண்டு வருடத்தில் பெரும்பாலும் சரியாகிவிடும் என்கிறார் டாக்டர். அதுவரை அவனைப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? என்னை எப்போது வீட்டுக்கு அனுப்புவீர்கள்?