நாளொன்றுக்கு மூன்று மில்லிமீட்டர்

ஹட்டனில் மழையில் நனைந்தபடி நடப்பவர்கள் இரண்டு வகை, சேர். குடை இல்லாதவர்கள் ஒரு வகை, குடையை பஸ்ஸில் விட்டுவிட்டு இறங்கியவர்கள் இன்னொரு வகை. நான் இரண்டாவது. இந்த வருடத்தில் மட்டும் நான்கு குடை போய்விட்டது. அப்படிப்பட்ட ஒருவனிடம் மழையைப் பற்றி விசாரிக்க வந்திருக்கிறீர்கள்.

உங்கள் கேள்வி ஒன்றுதான்: அன்று மாயாண்டி மாமாவின் போன் ஏன் அலறவில்லை. சொல்கிறேன்.

என் பெயர் ஜூட்சன். பூண்டுலோயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து, ஹட்டனில் அறை எடுத்துக் கணினி வேலை பார்க்கிறேன். ஒன்பது வருடமாக 'கூடை' என்றொரு நிரல் நூலகத்தைப் பராமரிக்கிறேன். வரிசை வரிசையாக எண்களைக் கொடுத்தால் கூட்டும், கழிக்கும், பெருக்கும். இலவசம். யாரும் எடுத்துப் பாவிக்கலாம், யாரும் புதிதாக எழுதி அனுப்பலாம். உள்ளே போவதற்கு மட்டும் என் சம்மதம் வேண்டும். அம்மா கொழுந்து பறித்தவர். மழை நாளில் நிறுவைக்குப் போனால், இலையில் ஈரம் என்று கணக்கப்பிள்ளை இரண்டு கிலோவைக் கழித்துத்தான் எழுதுவார். அந்தத் தராசுக்குப் பக்கத்தில் நின்று அவரை வெறுத்தவன் நான். பிறகு எனக்கே ஒரு தராசு கிடைத்தது.

போன வருடம் கிருஷாந்தி ஒரு நிரல் அனுப்பினாள். எங்கள் தோட்டத்துப் பிள்ளை, மாயாண்டி மாமாவின் மகள், நானுஓயாவில் கணக்கு டீச்சர். அவர்கள் குடியிருந்த லயத்து வீட்டு வரிசைக்கு மேலே மலையில் ஒரு வெடிப்பு விழுந்திருந்தது. மாமா அதன் இரு கரையிலும் முளை அடித்து, நாடாவால் அகலத்தை அளந்து, மகள் செய்துகொடுத்த போன் ஆப்பில் போடுவார். அகலம் பெரிய விஷயமில்லை. எவ்வளவு வேகமாக விரிகிறது என்பதுதான் விஷயம். இன்றைய அளவிலிருந்து முந்தைய அளவைக் கழித்து, இடையில் போன நேரத்தால் வகுத்தால் அந்த வேகம் கிடைக்கும். எண்முறை வகையிடல் என்று புத்தகத்தில் பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள், உள்ளே இருப்பது இவ்வளவுதான். நாளொன்றுக்குப் பத்து மில்லிமீட்டரைத் தாண்டினால் போன் அலறும், லயத்துப் பதினான்கு குடும்பமும் பக்கத்து மேட்டு ஸ்கூலுக்கு ஏறிவிடும். அதுதான் ஏற்பாடு.

கூடையில் அந்த வசதி இல்லை. நான் எழுதப்போவதாக மூன்று வருடமாக உலகத்துக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் பதினைந்து நாளில் எழுதிவிட்டாள். "பிழை இருந்தா சொல்லுங்க அண்ணே" என்றாள். ஒரு கிழமை தேடினேன். பிழையே இல்லை. எனக்குச் சிக்கல் அங்கேதான்.

பதினொரு முறை திருப்பி அனுப்பினேன். இடைவெளி சரியில்லை, பெயர் நீளம், விளக்கம் போதாது. ஒவ்வொரு முறையும் நன்றி சொல்லித் திருத்தி அனுப்பினாள். பிறகு ஒரு ஞாயிறு, பூசைக்குப் போய்வந்த கையோடு, நானே ஒன்றை எழுதி என் பெயரில் வெளியிட்டேன். அவசரத்தில் நேரத்தால் வகுக்கும் பகுதி முடியவில்லை. ஆகவே என் நிரல் நேரத்தை மரியாதையாகக் கேட்டு வாங்கும். வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, எல்லா அளவும் ஒரு நாள் இடைவெளியில் எடுத்தது என்றே கணக்குப் பார்க்கும். கிருஷாந்தியின் பெயரை நன்றிப் பட்டியலின் அடியில் போட்டிருந்தேன். அவள் போன் எடுத்து, "அப்பாவோட ஆப்புல என்னோடத அழிச்சிட்டு ஒங்களோடத போட்டுட்டேன் அண்ணே" என்று சந்தோசமாகச் சொன்னாள்.

சாதாரண நாளில் பாதகமில்லை. மாமா காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகுமுன் ஒரு தடவை அளப்பார். கணக்கு அச்சொட்டாக வரும். மழை பிடித்தால்தான் மனுசன் மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை மலையேறுவார். மூன்று மணித்தியாலத்தில் விரிந்ததை என் நிரல் ஒரு நாளில் விரிந்ததாக எடுத்துக்கொள்ளும். எட்டில் ஒரு பங்கு. அவர் எவ்வளவு கவனமாக அளந்தாரோ அவ்வளவு அமைதியான எண் வரும்.

இது எனக்குத் தெரியாமல் நடந்தது என்று எழுதிவிடாதீர்கள். வெளியிட்ட அன்றே தெரியும். திருத்த நான்கு வரி போதும். ஆனால் அவை அவளுடைய நான்கு வரி. வேறு மாதிரி எழுதப் பார்த்தேன். எப்படி வளைத்தாலும் அவள் எழுதியது போலவே வந்து நின்றது. இரண்டு மாதம் முயன்றேன், சேர். சோம்பேறி என்று மட்டும் என்னைச் சொல்ல முடியாது.

அந்த வியாழக்கிழமை, பின்னேரம் மூன்று மணிக்கு, கிருஷாந்தி நானுஓயாவிலிருந்து பேசினாள்.

"அப்பாவோட போன்ல மூணுதான் காட்டுதாம் அண்ணே. ஆனா வெடிப்புக்குள்ள காலு போவுதுங்கிறாரு. நேரத்தையும் சேத்துத்தானே கணக்குப் பாக்குது?"

"சேத்துத்தான்" என்றேன்.

எட்டால் பெருக்க எனக்குக் காகிதம் தேவையில்லை. இருபத்திநான்கு. ஆனால் இல்லை என்றிருந்தால், ஏன் என்று கேட்டிருப்பாள்.

கொஞ்ச நேரத்தில் மாமாவே எனக்குப் போன் எடுத்தார். போன் ஏற்பாடு வருமுன், ஒருமுறை வெறும் கண்ணால் பார்த்தே எல்லாரையும் ஸ்கூலுக்கு ஏற்றியிருந்தார். மலை அசையவில்லை. அன்றிலிருந்து லயத்தில் அவருக்குப் பெயர் மலை வைத்தியர்.

"தம்பி, ஒன் பொட்டி பேசாம கெடக்கு, மலதான் பேசுது. சனத்த ஏத்திடட்டா? மறுபடி ஒண்ணும் ஆகலன்னா, நாடி புடிச்சது போதும் வைத்தியரேன்னு சிரிப்பானுங்க."

"எண் சரிதான் மாமா. மழையில யாரையும் அலைய வைக்காதீங்க. தேத்தண்ணி குடிச்சிட்டு இருங்க."

"நீ சொன்னா சரி" என்றார். ஐந்தேகாலுக்கு மலை இறங்கியது. பதினொரு பேர். மாமாவை நாடாவோடு எடுத்தார்கள்.

நானும் போய் மண் அள்ளினேன். எல்லாருக்கும் சாப்பாட்டுப் பார்சல் கொண்டுபோனேன். அடக்கம் முடிந்த மறுநாள் அவளுடைய நான்கு வரியையும் என் பெயரில் கூடைக்குள் போட்டேன். மாயாண்டி மாமாவின் நினைவாக என்று மேலே ஒரு வரி எழுதினேன். வெளிநாட்டில் யாரோ, படித்துக் கண் கலங்கியதாக எழுதியிருந்தார். எனக்கும் கலங்கியது.

எட்டாம் நாள் கிருஷாந்தி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நான்தான் அப்பா போன்ல ஏதோ தப்பாப் போட்டுக் குடுத்திட்டேன் போல, அண்ணே. நீங்க ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க" என்றாள். அந்தப் போன் மண்ணுக்கடியில் இருந்தது.

"யாருக்கும் பிழை வரும்தானே தங்கச்சி" என்று அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன்.

எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன், சேர். அவளிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். அப்பாவைக் கொன்றது தான்தான் என்ற நினைப்புக்கு இப்போதுதான் ஒருமாதிரி பழகி, பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருக்கிறாள். மறுபடியும் அந்தப் பிள்ளையைக் கலைக்க எனக்கு மனசு வரவில்லை.