சாதா நாள்

கீழ்பென்னாத்தூரிலிருந்து வரும் பஸ்ஸில், என் முன் சீட்டில் மடியில் பூக்கூடையோடு இருந்த ஒரு அம்மா பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்:

“பொண்ணு பாக்க பௌர்ணமியன்னிக்கு வரோம்னாங்க. சாதா நாள்ல வாங்கன்னுட்டேன்.”

“ஏன்க்கா, பௌர்ணமி நல்ல நாளாச்சே?”

“எங்க வீடு அடி அண்ணாமலையில, கிரிவலப் பாதை மேலயே. அன்னிக்கு வாசல்ல டீக்கடை போடுவோம். ஜனம் ஜாஸ்தி. டீ ஊத்தற எம்பொண்ணுக்கு நிமிர நேரம் இருக்காது.”

“சரின்னாங்களா?”

“சாதா நாள்னா எதுன்னு கேட்டாங்க. என்னிக்கு எங்க மாடு பாதை நடுவுல படுத்திருக்கோ, அன்னிக்குதான் சாதா நாளுன்னேன்.”

பக்கத்திலிருந்தவள் சிரித்தாள். இந்த அம்மா சிரிக்கவில்லை.

“கூட்டத்துலயும் எம்பொண்ணை அவங்க பாத்துடுவாங்க. நாங்க பையனை நிதானமா பாக்க வேணாமா?”