பட்டத்துக்கு ஓர் அடி

குளிர்ந்த தண்ணீர் வேண்டாம் ஐயா, வெந்நீர் இருந்தால் கொடுங்கள். தொண்டையை வைத்துப் பிழைப்பவன் நான். மோர்கூடத் தொட்டதில்லை.

என் உத்தியோகம் உங்களுக்குத் தெரியும். ராஜா நடக்கும்போது முன்னால் நின்று அவருடைய பட்டங்களைச் சொல்வது. கட்டியம் கூறுதல் என்பார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது வெறும் கத்தலாகத் தெரியும். எங்கள் அரண்மனையில் அப்படியில்லை. ஒரு பட்டம் சொன்னால் ராஜா ஓர் அடி எடுத்து வைப்பார். அடுத்ததைச் சொன்னால் அடுத்த அடி. நான் நிறுத்தினால் நின்றுவிடுவார். கண்களை மூடிக்கொண்டுதான் நடப்பார், புகழ்ச்சி முழுசாக உள்ளே இறங்க வேண்டும் என்று. இந்த ஏற்பாட்டைச் செய்தவர் அவரேதான். நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை.

பட்டங்களுக்குக் குறைவில்லை. குளத்தில் ஒரு மீன் பிடித்தார்; ‘கடலை அடக்கியவரே’ என்று ஒன்று சேர்ந்தது. ஜலதோஷம் குணமானது, ‘காலனைத் துரத்தியவரே’ வந்தது. அண்டை நாட்டுப் படை வழி தவறி வேறு பக்கம் போய்விட்ட வருஷம் மட்டும் நிறையச் சேர்ந்தன. அத்தனையையும் மண்டபத்தின் நீளத்துக்கு அளவாகக் கோத்து வைத்திருந்தேன். கடைசிப் பட்டத்தில் ராஜாவின் வயிறு மேல்மாடத்துக் கைப்பிடியில் முட்டும். கண்ணைத் திறப்பார், கீழே நிற்கும் ஜனங்களுக்குக் கையசைப்பார். ஒருநாளும் பிசகியதில்லை.

இதில் ஜோசியர் எங்கே வந்தார் என்று கேட்கிறீர்கள். அவராகத்தான் வந்தார், என் வீட்டுக்கு, சாப்பாட்டு நேரம் பார்த்து. மழை வரும் என்று அவர் சொன்னால் ஊரே துணி காயப்போடும், அப்படிப்பட்ட ஜோசியர். இரண்டாவது முறை சோறு வாங்கிக்கொண்டே சொன்னார்: “உன் வாயாலதான்பா அடுத்த ராஜா வருவார். அப்ப நீ மந்திரி.”

நான் சிரித்தேன். என் மனைவி சிரிக்கவில்லை. அவர் போனதும் பாத்திரத்தை நங்கென்று வைத்தாள்.

“ஏங்க, ஊர்ல இருக்கிறவனையெல்லாம் சிங்கம் புலின்னு சொல்றீங்க. உங்களை ஒருத்தன் மனுஷன்னாவது சொல்லியிருக்கானா?”

“ஊர்ல இருக்கிறவனையா? ராஜாவைம்மா.”

“பல்லியைப் பார்த்து நாற்காலி மேல ஏறுற ராஜாதானே? என் தங்கச்சி புருஷன் உப்பு அளக்கிற அதிகாரி. அவனுக்கே ரெண்டு ஆள் குடை பிடிக்கிறான். நீங்க பேசாம தூங்குங்க.”

தூங்கினேன். ஆனால் தூங்குவதற்கு முன்னால் கொஞ்சம் யோசித்தேன். யோசிப்பது குற்றமில்லையே.

பிறகு ஒருநாள் காலையில் தச்சர் ஓடிவந்தார். “அண்ணே, மேல்மாடத்துக் கைப்பிடி முழுக்கச் செல்லரிச்சுப் போச்சு. கழட்டிட்டேன். புதுசு நாளைக்குத்தான் வரும். இன்னைக்கு ராஜாவை ரெண்டு அடி முன்னாடியே நிறுத்திடுங்க. உங்க பேச்சைத்தான் அவர் கால் கேட்கும்.”

“நீ போப்பா, நான் பார்த்துக்கறேன்” என்றேன்.

பார்த்துக்கொண்டேன். அரண்மனைக் கைப்பிடி செல்லரித்தது ஊருக்குத் தெரிந்தால் மானக்கேடு. அதனால் அந்த இடத்தில் குறுக்கே ஒரு பட்டுத்துணியைக் கட்டித் தொங்கவிடச் சொன்னேன். கீழேயிருந்து பார்க்க அழகாகத்தான் இருந்தது. உள்ளிருந்து பார்த்தாலும் ஒரு குறையும் தெரியவில்லை.

ராஜாவிடம் ஏன் சொல்லவில்லை என்றால், சமயம் வாய்க்கவில்லை. பட்டங்களைச் சொல்லாமல் அவரிடம் யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. ‘சாப்பாடு ஆறுது’ என்று வெறுமனே சொல்லிவிட்ட சமையல்காரர் இன்னும் குதிரைலாயத்தில்தான் இருக்கிறார். பட்டங்களைச் சொன்னாலோ ராஜா நடக்க ஆரம்பித்துவிடுவார். என் நிலைமையை நீங்கள் யோசித்துப் பாருங்கள்.

அன்றைக்குக் குரல் நன்றாக இருந்தது. ராஜா முன்னால், அவருடைய தம்பி சின்னவர் வழக்கம்போல் கொஞ்சம் பின்னால். ஒவ்வொரு பட்டமாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். நிறுத்த வேண்டிய இடம் வந்தது. அங்கே வருகிற பட்டம் ‘கடலை அடக்கியவரே’. நல்ல பட்டம், அதை விட்டுவிட மனசு வரவில்லை. சொன்னேன். அதற்கடுத்ததையும் சொன்னேன். அதோடு பட்டங்கள் தீர்ந்துவிட்டன.

ராஜா விளிம்பில் நின்றார். பட்டுத்துணி வயிற்றில் உறுத்தவில்லை போலிருக்கிறது. கைப்பிடி முட்டவில்லையே, அப்படியென்றால் இன்னும் பாக்கி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். கண்ணை மூடியபடி ஒரு காலைத் தூக்கி, அடுத்த பட்டத்துக்காகக் காத்திருந்தார். முகத்தில் அப்படி ஒரு எதிர்பார்ப்பு, ஊட்டிவிடக் காத்திருக்கும் குழந்தை மாதிரி.

ஒரு ராஜாவை ஒற்றைக் காலில் நிற்க வைப்பது எவ்வளவு பெரிய அவமரியாதை. அந்த இடத்திலேயே ஒன்று புதிதாகக் கட்டினேன்.

“வானத்தில் நடக்கும் வள்ளலே!”

அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. முகம் மலர்ந்தது. வழக்கத்தைவிடக் கொஞ்சம் பெரிய அடியாகவே எடுத்து வைத்தார்.

“அண்ணா” என்று கத்திக்கொண்டு சின்னவர் ஓடினார். துணிக்குப் பின்னால் கைப்பிடி இல்லை என்று அவருக்குத் தெரியாது. நான் “டேய், நில்லு” என்றேன். கால் கட்டை விரல் விளிம்பில் பதிய நின்றுவிட்டார். ஆக அடுத்த ராஜா என் வாயால்தான் வந்தார். ஜோசியர் வாழ்நாளில் முதல் தடவையாகச் சரியாகச் சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு நடந்த நியாயத்தைக் கேளுங்கள். தச்சரைப் பிடித்து உள்ளே போட்டார்கள். பாவம், நல்ல வேலைக்காரர். நாளைக்குத் தூக்கு என்கிறார்கள். நான் குறுக்கே பேசவில்லை. புது ராஜா முடிசூட்டியதும் மந்திரி பதவியைக் கொடுத்தார், ஜோசியருக்கு. முன்கூட்டியே சொன்னாராம். சொல்ல யாரால் முடியாது? செய்தது யார்? சரி, கட்டியமாவது மிஞ்சியது என்று பார்த்தால், புது ராஜா நான் வாயைத் திறந்தாலே சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். நான் எவ்வளவு முயன்றாலும் ‘வானத்தில் நடக்கும் வள்ளலே’தான் முதலில் வருகிறது. வீட்டில் தண்ணீர் கேட்டாலும் அதுதான் வருகிறது. மனைவி செம்பை வைத்துவிட்டு எட்டிப் போய் நிற்கிறாள்.

அதனால்தான் நானாகவே உங்களிடம் வந்தேன். தச்சர் பேரில் இருப்பதையும் ஜோசியர் பேரில் இருப்பதையும் அடித்துவிட்டு என் பேரில் எழுதிக்கொள்ளுங்கள். வேலை முழுக்க என்னுடையது.

தம்பியை ஒரு வார்த்தையில் நிறுத்தினவன் அண்ணனையும் நிறுத்தியிருக்கலாமே என்கிறீர்கள். நிறுத்தியிருக்கலாம். அந்த வார்த்தை வாய் வரை வந்தது. ராஜாவிடம் போய் எப்படி அப்படிப் பேசுவது என்று விழுங்கிவிட்டேன்.

ஒன்று மட்டும் மனதை அரிக்கிறது ஐயா. அண்ணன் விழுந்த அந்தக் கணமே தம்பி ராஜா ஆகிவிட்டார் இல்லையா? அப்படிப் பார்த்தால் ஒரு ராஜாவைப் போய் “டேய்” என்று கூப்பிட்டிருக்கிறேன். அதற்கு என்ன தண்டனை கொடுத்தாலும் தலைகுனிந்து ஏற்றுக்கொள்கிறேன். இத்தனை வருஷ உத்தியோகத்தில் நான் செய்த தப்பு அது ஒன்றுதான்.