வெள்ளை பூத்த சன்னங்கள்

துவக்கால் சுடுகிற ஈயச் சன்னம் பழசாகி வெள்ளை பூத்துவிட்டால் எறிந்துவிட வேண்டும் என்றில்லை, சேர். எண்ணெய் தொட்ட துணியால் துடைத்துவிட்டுத் திரும்பவும் தோட்டாவில் வைத்து அடைக்கலாம். அரித்துப் பள்ளம் விழுந்ததை மட்டும் ஒதுக்க வேண்டும். காய்ந்தபடி உரசக் கூடாது. அந்த வெள்ளைத் தூள் நஞ்சு. கையுறை போட வேண்டும். வேலை முடிந்து சவர்க்காரம் போட்டுக் கை கழுவும்வரை வாயில் எதையும் வைக்கக் கூடாது. இவ்வளவும் எனக்கு எண்பத்தைந்திலிருந்தே தெரியும்.

லண்டன் லூயிஷாமில் எங்கள் சுடும் கிளப்பில் தோட்டா அடைக்கும் பகுதிக்கு வோல்டர் என்ற கிழவர் பொறுப்பு. என் அக்கா பெர்னடெற்றின் கணவர் யாக்கோப்பு அத்தானை அங்கே கூட்டிப்போனது நான்தான். மன்னாரிலிருந்து வந்து, வேலை கிடைக்காமல் வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர், பாவம். ஆறே மாதத்தில் என்னைவிட நன்றாகச் சுட்டார். நான் ஐந்து வருடமாகப் பழகியவன். ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தால் எல்லாரும் அவரைத்தான் சுற்றி நின்றார்கள். எனக்கு வயிறு எரிந்தது. அதை நான் மறைக்கவில்லை.

எண்பத்தொன்பது தை மாதம், இறந்துபோன ஓர் அங்கத்தவரின் நிலவறையிலிருந்து ஆயிரக்கணக்கில் பழைய சன்னங்கள் வந்தன. எல்லாம் மாப் பூசியதுபோல் வெளுத்திருந்தன. வீட்டில் வைத்துத் துப்புரவாக்கித் தரும்படி வோல்டர் அத்தானிடம் கொடுத்தார். எப்படிச் செய்வதென்று கால் மணி நேரம் பொறுமையாக விளக்கினார். அத்தானுக்கு இங்கிலீஷ் தெரியாது. என் முகத்தைப் பார்த்தார்.

“என்னவாம், ஞானம்?”

“நல்லா மினுங்குமட்டும் உரஞ்சட்டாம், அத்தான்.”

மேசையிலிருந்த கையுறை குளிருக்கு என்றும், எண்ணெய் துவக்குக்கு என்றும் சொன்னேன். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று வோல்டரிடம் சொன்னேன். கம்பித் தூரிகையும் நானே வாங்கிக் கொடுத்தேன்.

வீட்டுக்குப் பின்னாலுள்ள கொட்டிலில், குளிருக்குக் கதவைச் சாத்திக்கொண்டு, நாள் முழுக்க உரசினார். அங்கே குழாய் இல்லை. பத்தரைக்கு அக்கா இடியப்பமும் சம்பலும் கொண்டுபோய்க் கொடுப்பாள். பழந்துணியில் கையைத் துடைத்துவிட்டுக் குழைத்துச் சாப்பிடுவார். விரலையும் சூப்புவார். சாப்பாட்டை வீணாக்காத மனிதர்.

சித்திரையில் வயிற்றுக் குத்து தொடங்கியது. ஆவணியில் மணிக்கட்டு தொங்கி, தேநீர்க் கோப்பையைப் பிடிக்க ஏலாமல் போனது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அந்த நேரத்தில் நிறுத்தியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நிறுத்த வேண்டுமென்றால் நான் வாயைத் திறக்க வேண்டும். திறந்தால், ஏன் முதலே சொல்லவில்லை என்று அக்கா கேட்பாள். அவளை வருத்த எனக்கு மனமில்லை.

பெரியாஸ்பத்திரிக்கும் துணைக்குப் போனவன் நான்தான். இளம் டொக்டர், கெட்டிக்காரர். ஈயம், பெயின்ற், பழைய பற்றரி, இவற்றில் ஏதாவது புழங்குகிறாரா, கேட்டுச் சொல்லுங்கள் என்றார். நான் அத்தானின் பக்கம் திரும்பினேன்.

“மனசில ஏதும் கவலை இருக்கோ எண்டு கேக்கிறார், அத்தான்.”

அத்தான் அழுதார். ஊரில் விட்டுவந்த தாயை நினைத்துத் தான் நித்திரை கொள்வதில்லை என்று விக்கி விக்கி நெடுநேரம் சொன்னார். டொக்டர் பேனாவோடு காத்திருந்தார். இல்லையாம், அப்படி ஒன்றும் புழங்குவதில்லையாம் என்று நான் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார்.

மூன்று கிழமையில் வலிப்பு வந்து அத்தான் இறந்தார். ஓம், சேர், நான்தான் கொன்றேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்து வைக்கிறேன்.

ஒரேயொரு விண்ணப்பம். அக்காவிடம் உங்கள் பொலிஸ் ஆட்கள் யாரும் போக வேண்டாம். அவளுக்கும் இங்கிலீஷ் விளங்காது, அநியாயத்துக்குப் பயந்துபோவாள். என்னை அவளுக்குப் பக்கத்தில் இருத்துங்கள், நீங்கள் சொல்வதை நானே அவளுக்குப் பக்குவமாக எடுத்துச் சொல்கிறேன்.